கவிழ்த்து வைக்காத சாமான்

எங்கள் வீட்டுக் கொல்லையில் கொசுப்புழு இருக்கிறது என்று ரம்லத் பீவி சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் தவறாமல் இரண்டு வேளை கூட்டுகிற கொல்லை அது. சருகு ஒன்று கிடந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட இடத்தில் வந்து நின்றுகொண்டு, டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “இருக்குங்க ஆச்சி” என்கிறாள்.

ரம்லத் பீவிக்குத் திருமயம். கொசு ஒழிப்பு வேலைக்கென்று எடுத்திருக்கிற பெண்களில் ஒருத்தி. சேலைக்கு மேல் நீலக் கோட்டு, தோளில் துணிப்பை, கையில் டார்ச்சும் நீளக் காம்பு வைத்த கரண்டியும். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் கொசு பிறக்கிற இடங்களையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. அப்போது ஆவணி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அதற்கு முன் நாலைந்து சாயங்காலம் இடியோடு மழை கொட்டியிருந்தது.

“எங்கிட்டிருந்தாவது பறந்து வந்திருக்கும்” என்றேன்.

“புழுவுக்கு ரெக்கை இல்லைங்க ஆச்சி. இங்கிட்டேதான் பொறந்திருக்கு.”

அவள் நீட்டிய கரண்டியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதில் நூல் துணுக்குகள் போல ஏழெட்டு, தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தாள் என்று பார்த்தேன். புது எவர்சில்வர் அண்டா. கடைக்காரர் ஒட்டிய லேபிளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

அந்த அண்டாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் என்னைப் பிடிவாதக்காரி என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் பாடு.

நகரத்தார் வீடுகளில் பெண் பிறந்தாலே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவோம். என் மகள் அர்ச்சனாவுக்கு மூன்று வயதாகும்போது முதல் தூக்குச்சட்டியை வாங்கினேன். அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் நாகராஜனுக்கு அங்கே ஹார்டுவேர் கடை. அவர் கடைக்கு ஆணி வாங்கப் போனால் நான் கூடவே போய்க் குண்டான் வாங்கி வருவேன். அண்டா, தேக்சா, டிரம், பேசின், வாளி, குப்பைக்கூடை வரைக்கும் எதுவும் ஒன்று இரண்டாக வாங்கியதில்லை, டசன் கணக்குத்தான். கலியாணத்துக்கு இந்த ஊருக்குக் கொண்டுவந்து நடுமுற்றத்து வளவு முழுக்கப் பரப்பி வைத்தபோது, சாப்பிடப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை.

அந்தக் கலியாணம் பதினோரு மாதம்தான் ஓடியது. ஒத்துவரவில்லை என்று வெளியே சொல்கிறோம். உள்ளே நடந்ததை அவள் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை, நானும் நோண்டவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு கோர்ட்டில் கையெழுத்துப் போட்டார்கள். சாமான் இரண்டு லாரியில் திரும்பி வந்தது. பாதிக்குமேல் கட்டுக்கூடப் பிரிக்காமல் வந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இறக்கினேன். ஒரு கரண்டி குறையவில்லை. அன்றைக்கு அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, சிரிக்காதீர்கள்.

வெள்ளியும் பித்தளையும் உள்ளே போயின. பெரிய சாமானுக்குத்தான் இடமில்லை. வீடு தெருவுக்குத் தெரு நீளும் வீடுதான். ஆனால் ஐந்து பங்காளிகளுக்குப் பொது. எங்கள் பங்கு அறைகளில் என் சாமானும் என் மாமியார் சாமானும் கூரை முட்ட அடைந்து கிடக்கின்றன. வளவில் வைக்கலாமென்றால் மற்ற நாலு பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். அவர்கள் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், இங்கே அவர்கள் பூட்டுகள்தான் இருக்கின்றன. அதனால் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் அடுக்கினோம். போன சித்திரையில் அடித்த காற்றில் தகரம் பறந்துபோய், மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். அது நடுவில் தொய்ந்து, மழைத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து உள்ளே இறக்கியது.

இரண்டு வருஷமாக அந்தச் சாமானை யாரையும் தொட விட்டதில்லை. அது அர்ச்சனாவின் அடுத்த கலியாணத்துக்கு. அவளுக்கு முப்பது நடக்கிறது. அவளை இன்னொரு நல்ல வீட்டில் சேர்த்துவிட்டால் போதும், அதற்குமேல் எனக்கு இந்த உலகத்தில் வேலையில்லை என்றுதான் இருந்தேன்.

ஆக, ரம்லத் பீவி சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

“எல்லாத்தையும் கவுத்து வச்சிருங்க ஆச்சி. அம்புட்டுத்தான். தண்ணி நிக்காது, புழு வராது.”

“கவுக்க மாட்டேன்.”

“ஏங்க?”

எங்கள் மாமியார் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பெண்ணுக்கென்று வைத்த சாமானை வாய் மேலே பார்க்கத்தான் வைக்க வேண்டும். கவிழ்த்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நடக்கவேண்டியது நடக்காமல், அவள் வீட்டோடு நின்றுவிடுவாள். எல்லா வீட்டிலும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் உண்டு. ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டுத் திரும்பி வந்தவள் விஷயத்தில் நான் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? ஆனால் நீலக் கோட்டுப் போட்டு வந்து நிற்கிறவளிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

“அது அப்படித்தான். நீ மருந்து ஊத்திட்டுப் போ.”

“மருந்து, சேத்து வச்சே ஆகணும்ங்கிற தண்ணிக்குங்க. கவுத்தாப் போற விசயத்துக்கு மருந்த ஊத்தினா ஆபீஸ்ல என்னையக் கேப்பாங்க.” அவள் கொல்லைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் தேதியைப் போட்டு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். “பெருமாள் கோயில் தெருவுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல். ஒரு ஆளு புதுக்கோட்டை ஆஸ்பத்திரில கெடக்காரு. கோவிச்சுக்காதீங்க ஆச்சி, வாரேன்.”

கோபித்துக்கொண்டேன். அந்தப் பெருக்கல் குறியை ஈரத்துணியால் துடைக்கப் போனேன். அரசாங்க விஷயம் என்று என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

கொசுவை விடுவதாக எனக்கும் உத்தேசமில்லை. மறுநாளே இறங்கினேன். தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினேன். என் வீட்டுக்காரர் என்றைக்காவது உதவும் என்று வைத்திருந்த ஸ்கூட்டர் டயர் இரண்டையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன். கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டச் சொன்னேன். அதற்கு அவர் ஏணி பிடிக்க ஆள் தேடி ஒரு நாளை ஓட்டினார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது, அதில் தண்ணீர் தேங்கும் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கிணற்றடிக் கல்தொட்டியைத் தேய்த்துக் காயவைத்தேன். செம்பருத்திச் செடித் தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளை எடுத்தேன். வாழை மரத்தடியில் தேங்கிய அடுப்படித் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினோம். சாயங்காலமானால் நொச்சித் தழையைப் போட்டு மூட்டம். கொல்லையே கோயில் மாதிரி ஆகிவிட்டது.

கொசு மட்டும் குறையவில்லை.

அதிகம் கடிபட்டவள் அர்ச்சனாதான். அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறாள். மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கொசு பேட்டுமாக உட்கார்ந்திருப்பாள். மீட்டிங் நடக்கும்போதே பட், பட் என்று வெடிக்கும். அவளுடைய மேனேஜர் ஒருநாள், அங்கே என்ன பொரிக்கிறீர்கள் என்று கேட்டாராம். அவள் சொல்லிச் சிரித்தாள். கை முழுக்கச் சிவப்புத் தடிப்பு. பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமானுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கவிழ்க்கக் கூடாது, சரி. சாய்க்கலாமே. தினமும் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் கொல்லைக்குப் போய், ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு உடனே நிமிர்த்தி வைப்போம். நூற்றி முப்பத்தெட்டு உருப்படி. சாய்க்கும்போது வாய் தரையைப் பார்த்துவிடாமல் நான் பார்த்துக்கொள்வேன். “இன்னும் கொஞ்சம் சாச்சா முழுசா வடிஞ்சிரும் சீதை” என்பார். “அதுக்குமேல ஒரு இஞ்ச் கூடாது” என்பேன். அவர் அதோடு நிமிர்த்தி வைத்துவிடுவார். கடை நடத்திய காலத்திலிருந்தே அவர் என்னோடு மல்லுக்கு நின்றதில்லை. ஐந்தாம் நாள் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரம்லத் பீவி வந்தாள். கரண்டியை விட்டுத் துழாவினாள். அடியில் வடியாமல் நின்ற இரண்டு விரற்கடைத் தண்ணீரிலேயே நெளிந்தது.

“தெனம் வடிச்சேன்” என்றேன். சொல்லும்போதே என் குரல் பள்ளிக்கூடப் பிள்ளை குரல் மாதிரி எனக்கே கேட்டது.

“வடிச்சாப் பத்தாதுங்க. இங்க பாருங்க.” அண்டாவின் உள்சுவரில், தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, டார்ச்சை அடித்தாள். கறுப்பாக, கடுகை விடச் சின்னதாக, பொடி ஒட்டியிருந்தது. “இது முட்டை. தண்ணி இல்லாமயே மாசக்கணக்கா இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும். மழை பெஞ்சு தண்ணி எட்டுச்சுன்னா பொரிச்சிரும். ஐப்பசில அடைமழை புடிச்சா இந்த ஒரு கொட்டாயி போதும், தெருவுக்கே. நாரப் போட்டு நல்லாத் தேய்ச்சு, கவுத்துக் காய வைக்கணும்ங்க ஆச்சி. நான் வேணும்னா ஒத்தாசைக்கு ஒரு புள்ளையக் கூட்டியாரேன்.”

“அடுத்த வாரம் பாக்கலாம்.”

அவள் பழைய குறிக்குப் பக்கத்தில் இன்னொரு பெருக்கல் குறி போட்டாள். அதை அர்ச்சனா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கொல்லைக்குப் போனால், முன்வரிசையில் மூன்று அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. யார் வேலை என்று எனக்குத் தெரியும். மூன்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். அவள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் டம்ளரை அலம்பி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படித்தான் இரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தோம்.

நான் ஏன் அடுத்த வாரம் என்றேன் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வரன் வீட்டார் வருவதாக இருந்தது. ராங்கியத்துக்காரர்கள், இருப்பது மதுரையில். பையன் பாலாஜி, பெங்களூரில் வேலை. அவனுக்கும் இது இரண்டாவது கலியாணம். போனில் இரண்டு தடவை அர்ச்சனாவோடு பேசியிருந்தான். “எப்படிடி?” என்று கேட்டதற்கு, “பரவாயில்ல ஆத்தா. பேசினா காது குடுத்துக் கேக்குறாரு” என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே எனக்குப் போதும். இப்படி ஒரு சமயத்தில் சாமானைக் கவிழ்ப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குமேல் வந்தார்கள். பையனின் அம்மா மீனாக்ஷி ஆச்சியும் அவருடைய அண்ணனும். அண்ணன் முன்கட்டில் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்துவிட்டார். மீனாக்ஷி ஆச்சிக்கு மெல்லிய குரல், மரியாதையான பேச்சு. அர்ச்சனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேலை எப்படி, எத்தனை மணி வரைக்கும் என்று விசாரித்தார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால்தான் வீட்டைச் சுற்றிக்காட்டுகிற சாக்கில் நானாகவே கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முந்தின நாளே எல்லாவற்றையும் வெளிப்பக்கம் பளபளவென்று துடைத்து வரிசை பிடித்து வைத்திருந்தேன். தார்ப்பாயை விலக்கிக் காட்டினேன்.

“அர்ச்சனாவுக்கு வச்சிருக்கதுங்க. வெள்ளி, பித்தளையெல்லாம் உள்ள இருக்கு. ஒண்ணுகூடப் பொழங்கினதில்ல.”

மீனாக்ஷி ஆச்சி முழங்கையில் ஒரு கொசுவை அடித்தார். பிறகு கழுத்தில். சாமானைக் கண்ணாலேயே ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இது அந்த வீட்டுலருந்து வந்ததுங்களா ஆச்சி?”

“ஆமாங்க. கட்டுப் பிரிக்காம வந்துச்சு.”

அவர் அரை அடி பின்னால் வைத்தார். அது கொசுவுக்காக வைத்த அடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆச்சி. பொண்ணு தங்கமா இருக்கு, எங்களுக்குக் கொறை ஒண்ணுமில்ல. இந்தச் சாமான மட்டும் நம்ம வீட்டுக்கு அனுப்ப வேணாம். புதுசா நாலே நாலு உருப்படி போட்டாலும் போதும், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். ஒரு வீட்டுக்குப் போயி வாழாமத் திரும்பி வந்தது பாருங்க. அது வாசப்படி ஏறுனா நல்லாருக்காது.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஒரு மகன் இருந்து, நான் பெண் பார்க்கப் போயிருந்தால், நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். இதே குழைந்த குரலில், இதே மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். கவிழ்த்தால் ஆகாது என்று நூற்றி முப்பத்தெட்டு உருப்படியைக் காவல் காத்தவளுக்கு, திரும்பி வந்தது ஆகாது என்பவரை மறுத்துப் பேச என்ன யோக்கியதை?

திரும்பினால் கொல்லைக் கதவில் அர்ச்சனா நின்றாள், காபித் தட்டோடு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

“ஆச்சி, இங்கிட்டு நிக்காதீங்க, கொசு புடுங்கிரும். உள்ள வாங்க, காபி ஆறுது” என்று சிரித்தாள். மீட்டிங்கில் மேனேஜரிடம் பேசும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். அதை என் முன்னால் அவள் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இவ்வளவுதானா? புதுசா வாங்கிப் போட்டாப் போச்சு” என்றார்.

“அப்ப இது?”

“அது பாட்டுக்குக் கொல்லைல கெடக்கட்டும்.”

அவர் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தேன். சாமான் ஆகாது, அதோடு போய் அதோடு வந்தவள் மட்டும் ஆவாளா? இன்றைக்கு வாளியைச் சொல்கிறவர்கள், நாளைக்கு அந்த வீட்டில் பால் திரிந்தால், பையனுக்குக் காய்ச்சல் வந்தால், யாரைச் சொல்வார்கள்? அவர்கள் வாசலிலேயே நிறுத்துகிற அந்தத் ‘திரும்பி வந்தது’ என்ற பேரை என் மகள் தன் மேலேயே சுமந்துகொண்டுதானே உள்ளே போக வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானே போன் செய்தேன்.

“சாமான் இதுதாங்க ஆச்சி. வேற வாங்க மாட்டோம்.”

“என்னங்க ஆச்சி, நான் நல்லதுக்குத்தான...”

“தெரியும். நீங்க மனசுல பட்டத மறைக்காமச் சொன்னீங்க, அதுக்கு நான் கையெடுத்துக் கும்புடணும். ஆனா இது ஆகாதுன்னா, இது கூட வந்தவளும் ஆகாதுன்னுதான் ஆகும்.”

“அப்படி நான் சொல்லலையே.”

“நீங்க சொல்லல. நான் சொல்றேன். அண்ணன்கிட்டயும் சொல்லிருங்க.”

போனை வைத்தேன். இரண்டு வருஷத்தில் தகைந்து வந்த ஒரே இடத்தை நானே வெட்டிவிட்டேன். பாலாஜி காது கொடுத்துக் கேட்பான் என்று அவள் சொன்னது வேறு நினைவுக்கு வந்தது. தப்புச் செய்துவிட்டேனா என்று பயமாக இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

பயத்தோடு உட்கார்ந்திருக்க எனக்கு வராது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முன்வரிசையில் இருந்த பெரிய அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தேன். புழுத் தண்ணீர் என் பாதத்தில் ஊற்றி மண்ணில் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அடுத்த தெருவில் எவனோ சிமெண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவதைக் கவிழ்த்தேன்.

சத்தம் கேட்டு அர்ச்சனா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காதில் மாட்டியது கழுத்தில் தொங்கியது.

“என்ன ஆத்தா பண்றே?”

“பாத்தாத் தெரியல? கொசு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். புதுச் சாமான் கெடையாது, இதுதான் சாமான், ஆகாதுன்னா விட்ருங்கன்னு.”

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அண்டாவைத் தேய்த்தேன். கத்துவாளோ, உன்னை யார் முடிவெடுக்கச் சொன்னது என்பாளோ என்று உள்ளுக்குள் உதறல்தான். அவள் காதுமாட்டியைக் கழற்றி மாமரக் கிளையில் தொங்கவிட்டாள். “மணி ஒண்ணு வரைக்கும் எனக்கு மீட்டிங் இல்ல. நாரக் குடு” என்றாள்.

தேங்காய் நாரும் சோப்புப் பொடியும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். தண்ணீர் நின்ற கோட்டில் அழுத்தித் தேய்க்க வேண்டும், அங்கேதான் முட்டை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “தெரியும், யூடியூப்ல பாத்தேன்” என்றாள். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் வந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினார், நடுவில் ஒரு மூங்கிலை முட்டுக்கொடுத்துத் தண்ணீர் ஓடும்படி சரிவாக்கினார். அதை நாலு மாதத்துக்கு முன்னால் செய்திருந்தால் என்ன என்று கேட்டேன். நீ தொட விட்டாயா என்றார். அது உண்மைதான்.

அண்டாக்கள் முடிந்தன, டிரம்கள் முடிந்தன. வெயில் ஏறியது. கடைசி வரிசையில் வாளிகள், சிவப்பிலும் பச்சையிலும் இரண்டு டசன். தேய்த்து அலசித் தேய்த்து அலசி அர்ச்சனா கவிழ்த்துக்கொண்டே வந்தாள். முடிக்கிற சமயத்தில் ஒரு சிவப்பு வாளியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்தா.”

“என்னடி?”

“இது ஒண்ணை நான் எடுத்துக்கிறவா? மாடி பாத்ரூம் வாளி ஓட்டை. அடைச்சு அடைச்சுப் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது.”

“எம்புட்டு நாளா?”

“வந்ததுலருந்து.”

வந்ததிலிருந்து என்றால் இரண்டு வருஷம். முகம் தெரியாத ஒரு வீட்டுக்கு இருபத்துநாலு வாளியைப் பத்திரப்படுத்திவிட்டு, என்னோடு இருக்கிறவளை ஓட்டை வாளியில் குளிக்க விட்டிருக்கிறேன். அவளும் விருந்தாளி மாதிரி வாய் திறக்காமல் குளித்திருக்கிறாள். தன் சாமானில் ஒரு வாளி எடுக்க, தன் வீட்டில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. யார் முன்னாலும் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

“ஒண்ணு எதுக்கு? ரெண்டா எடுத்துக்க” என்றேன். “வெந்நிக்கு ஒண்ணு, பச்சத் தண்ணிக்கு ஒண்ணு.”

இன்னொரு வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அந்த வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.